மே மாத வவுச்சர்கள்: தொழிற்பேட்டை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

அம்பத்தூர், கிண்டி, திருமுடிவாக்கம், காக்களூர் தொழிற்பேட்டைகளில் ஆலை நடத்தும் முதலாளிகளுக்கு,

வணக்கம்.

நான் இன்ஜினியர் இல்லை. அம்பத்தூரில் பிளாஸ்டிக் மோல்டிங் செய்யும் ஒரு கம்பெனியில் 22 வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். ஆலைக்கு வேண்டிய தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷினான சில்லரை விற்பவர்களோடும், அதற்கு வருடாந்தரப் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) எடுப்பவர்களோடும் எனக்கு எந்தத் தொடர்பும் கிடையாது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு மே மாதம் எங்கள் ஆலையில் சில்லர் நின்றபோது நடந்ததை, முதலாளியிடம் கேட்டு அவர் சரி என்ற பிறகு, ரூபாய்க் கணக்கோடு இங்கே எழுதுகிறேன். உங்களில் பலருடைய ஆலையிலும் இது வேறு வேறு தொகையில் நடந்திருக்கும். ஆனால் உங்கள் புத்தகத்தில் அது எங்கேயும் தெரியாது. ஏன் தெரியவில்லை என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

கத்திரி தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு எங்கள் 60 டன் சில்லர் நின்றது. அரை மணி நேரத்துக்குள் பதினான்கு மோல்டிங் மெஷினும் ஒவ்வொன்றாக நின்றன. உருகிய பிளாஸ்டிக்கை அச்சுக்குள் செலுத்தச் சில விநாடிதான் ஆகும். அது இறுகும்வரை காத்திருப்பதில்தான் ஒரு சுற்றின் பாதிக்கும் மேற்பட்ட நேரம் போகிறது. அச்சுக்குள் குளிர்ந்த தண்ணீர் ஓடவில்லை என்றால் பீஸ் நெளிந்து வரும், அச்சிலேயே ஒட்டிக்கொள்ளும். ஆளும் கரண்டும் மெட்டீரியலும் எல்லாம் இருந்தும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவது ஷிப்டுக்கு வந்தவர்கள் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்தே ஷிப்டை முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை சர்வீஸ் ஆட்கள் வந்து பிரித்துப் பார்த்தார்கள். கம்ப்ரசர் மோட்டாரின் வைண்டிங் எரிந்திருந்தது. வாடகை சில்லர் ஒன்றைத் தேடிப் பிடித்து, சனிக்கிழமை இரவு கிரேன் வைத்து இறக்கி, ஞாயிறு காலையில்தான் மறுபடி ஓட ஆரம்பித்தோம். ஆக இரண்டரை நாள். எங்கள் சில்லர் ரெடியாகி வர ஒன்பது நாள்.

அந்த வருடக் கணக்கை முடித்தபோது ‘மெஷினரி ரிப்பேர்’ என்ற தலைப்பில் இந்தச் சம்பவத்துக்காக ஏறியிருந்த தொகை 2,85,000 ரூபாய். வைண்டிங், ஆயில், ஃபில்டர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து. “மூணு லட்சம் போச்சு, கெட்ட நேரம்” என்றார் முதலாளி. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆடிட்டர் ஜாப் ஒர்க் செலவு, அதாவது வெளி ஆலையில் கொடுத்துச் செய்யும் வேலைக்கான செலவு, ஏன் இவ்வளவு கூடியிருக்கிறது என்று கேட்டபோதுதான், அந்த மே மாத வவுச்சர்களை ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்தேன்.

வாடகை சில்லருக்கு ஒன்பது நாளைக்கு 1,17,000 ரூபாய், ‘உபகரண வாடகை’யில் இருந்தது. சும்மா உட்கார்ந்திருந்த 41 பேருக்குக் கொடுத்த இரண்டரை நாள் சம்பளம் 87,000 ரூபாய் வழக்கமான சம்பளக் கணக்கோடு கலந்திருந்தது. அது சரிதான், அவர்கள் வேலைக்கு வந்தவர்கள், கொடுத்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலுக்குள் வெந்து கருகிய மெட்டீரியலும், திரும்ப ஓட்டும்போது செட் ஆகும்வரை வந்த கழிவும் 64,000 ரூபாய். அது ‘மூலப்பொருள் நுகர்வு’ ஆகிவிட்டது. கஸ்டமரின் லைன் நிற்கக்கூடாது என்று இரண்டு அச்சுகளைத் திருமுடிவாக்கத்தில் வேறொரு ஆலைக்குக் கொண்டுபோய் ஓட்டினோம். நாங்களே செய்திருந்தால் ஆகும் செலவைவிட 92,000 ரூபாய் கூடுதல், ‘ஜாப் ஒர்க்’. பாதிப் பாதி லோடாக ராத்திரியில் வண்டி அனுப்பியது 38,000 ரூபாய், ‘வண்டி வாடகை’. விட்ட உற்பத்தியைப் பிடிக்க அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஓட்டிய ஓவர்டைம் 71,000 ரூபாய். அப்புறம் எல்லாவற்றையும் விட வலித்தது, எங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்வதாகக் கஸ்டமர் அனுப்பிய டெபிட் நோட். 1,60,000 ரூபாய். அதை நானே ‘விலை வித்தியாசம்’ என்ற தலைப்பில் ஏற்றியிருந்தேன். வேறு எந்தத் தலைப்பும் இல்லை.

கூட்டினால் 9,14,000 ரூபாய். புத்தகம் எங்களுக்குக் காட்டியது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

வவுச்சரே இல்லாத நஷ்டம் ஒன்றும் உண்டு. ஆகஸ்டில் அந்தக் கஸ்டமர் தன் அச்சுகளில் ஒன்றைத் திரும்பக் கேட்டார். காரணம் எதுவும் சொல்லவில்லை. ஒரு குட்டி யானை வண்டி வந்தது, செயின் பிளாக் வைத்து அச்சைத் தூக்கி ஏற்றினார்கள், டெலிவரி சலானில் நான் கையெழுத்துப் போட்டேன். ஆறு வருடமாக எங்கள் ஏழாம் நம்பர் மெஷினில் ஓடிய அச்சு. அந்த ஆர்டரின் லாபம் எங்களுக்கு இனி வராது என்பதை எந்த டேலி என்ட்ரியும் சொல்லாது.

இப்போது பிப்ரவரிக்கு வருகிறேன். இந்த மடலில் எனக்கு மிகக் கஷ்டமான பகுதி இதுதான்.

எங்கள் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் அண்ணன் தினமும் சில்லர் லாக் புத்தகம் எழுதுவார். அதில் ‘அப்ரோச்’ என்று ஒரு கட்டம் உண்டு. கண்டென்சர் என்பது சில்லர் இழுத்த சூட்டைத் தண்ணீருக்குக் கொடுத்து வெளியேற்றும் பகுதி. அதில் கேஸ் திரவமாகும் வெப்பநிலைக்கும், அதைக் குளிர வைத்துவிட்டு வெளியே போகும் தண்ணீரின் வெப்பநிலைக்கும் உள்ள வித்தியாசம் அது. டியூபுகள் சுத்தமாக இருந்தால் வித்தியாசம் குறைவாக இருக்கும். உள்ளே உப்புப் படியப் படியச் சூடு வெளியேற வழி இல்லாமல் வித்தியாசம் ஏறும். சில்லர் புதிதாக வந்தபோது எங்களுடையது 2 டிகிரி. பிப்ரவரியில் 5. ஏப்ரலில் 8. பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் அவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: “கண்டென்சர் டிஸ்கேலிங் செய்ய வேண்டும்.” அதாவது டியூபில் படிந்த உப்பை நீக்க வேண்டும். அதற்குக் கொட்டேஷனும் வாங்கிக் கொடுத்தார். 48,000 ரூபாய். வருடக் கடைசி, பணம் இறுக்கமாக இருந்தது. ஏப்ரலில் பார்க்கலாம் என்று பென்டிங் ஃபைலில் வைத்தது நான்தான். ஏப்ரலில் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. மே மாதம் சில்லர், உள்ளே பிரஷர் எல்லை மீறித் தானாக நின்றுபோக, அதாவது ட்ரிப் ஆக ஆரம்பித்தது. உற்பத்தி நிற்கக்கூடாது என்று மேலே இருந்து சொன்னதால் ரீசெட் செய்து ரீசெட் செய்து ஓட்டினார்கள். ஒவ்வொரு முறை ஸ்டார்ட் ஆகும்போதும் மோட்டார் பல மடங்கு கரண்ட் இழுக்கும், வைண்டிங் சூடாகும். மூன்றாவது நாள் எரிந்தது.

சம்பவத்துக்குப் பிறகு மெமோ வாங்கியது அந்த அண்ணன். அவர் எழுதியதை யாரும் படிக்கவில்லை என்று அப்போது யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. பின்னால் முதலாளி அந்த மெமோவைத் திரும்பப் பெற்றார். அதுவரை அந்த மனிதர் மூன்று மாதம் தலை குனிந்து வேலைக்கு வந்துபோனார். உங்கள் ஆலையில் சில்லர் நின்றால் ஃபிட்டரைக் கூப்பிடும் முன் லாக் புத்தகத்தைக் கூப்பிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிப்ரவரியில் படிந்த உப்பு பிப்ரவரியில் ஏன் சில்லரை நிறுத்தவில்லை என்று அவரிடமே பின்னால் கேட்டேன். பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். கண்டென்சரிலிருந்து வரும் சூடான தண்ணீரைக் கூலிங் டவர் குளிர வைப்பது, அதில் ஒரு பகுதியை ஆவியாக்கித்தான். காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் ஆவியாவது குறையும். நம் ஊர்க் காற்று கடல்காற்று. வெயில் குறைவான மாதத்தில் டவர் எப்படியோ சமாளித்துவிடும். சித்திரை, வைகாசியில் டவரிலிருந்து வரும் தண்ணீரே நாலைந்து டிகிரி கூடுதலாக வரும். அதன் மேல் உப்புப் படிவால் கூடிய 6 டிகிரியும் ஏறினால் பிரஷர் எல்லையைத் தாண்டிவிடும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. அப்படி ஒரு நாளில்தான் நம் மெஷின்களுக்குப் பரீட்சை, நாம் ஃபைலில் வைக்கும் கொட்டேஷன்களோ மாசி மாதத்தவை.

அன்றைக்கு அவரிடம் இன்னொன்றும் கேட்டேன், ‘60 டன்’ என்பது எடையா என்று. ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாள் முழுக்க உருகும்போது எவ்வளவு சூட்டை இழுத்துக்கொள்ளுமோ, அந்த வேகம்தான் ஒரு டன், ஏறத்தாழ மூன்றரை கிலோவாட் என்றார். மெரினா எதிரே இருக்கும் ஐஸ் ஹவுஸ் நினைவுக்கு வந்தது. 1840களில் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டிய கட்டிடம். கடல் கடந்து ஐஸ் வரவழைத்த ஊரில் இருந்துகொண்டு, குளிர்ச்சிக்கு ஒரு விலை உண்டு என்பதை நாம் இப்படி மறந்திருக்கக் கூடாது.

சில்லர் நிற்பதற்கு முன்பே நாங்கள் பணத்தை இழக்க ஆரம்பித்திருந்தோம் என்பதைக் கண்டுபிடிக்க எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது. கண்டென்சரில் வெப்பநிலை ஒரு டிகிரி ஏறினால் கம்ப்ரசர் இழுக்கும் மின்சாரம் சுமார் 2 முதல் 3 சதவீதம் ஏறும் என்பது இந்தத் துறையில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. எங்களுக்கு ஏறியது 6 டிகிரி. 15 சதவீதம் என்று வையுங்கள். மணிக்கு 50 யூனிட், ஒரு நாளைக்கு 20 மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 26,000 யூனிட். அதில் 15 சதவீதம் 3,900 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் மாதம் 31,200 ரூபாய், மூன்று மாதத்துக்கு 93,600 ரூபாய். படிவு கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, அதனால் முதல் மாதத்தில் இதில் பாதிதான் போயிருக்கும் என்று குறைத்துப் போட்டாலும், 48,000 ரூபாய் கொட்டேஷனுக்கான பணம் மின்கட்டணத்திலேயே போய்விட்டது. டிஸ்கேலிங்குக்குப் பணம் இல்லை என்று சொன்ன அதே மாதங்களில் அந்தப் பணத்தை நாங்கள் கட்டிக்கொண்டுதான் இருந்தோம்.

அதோடு சுற்று நேரம். அச்சுக்கு வரும் தண்ணீர் கொஞ்சம் சூடானால் மெஷின் நிற்காது. பீஸ் நெளிகிறது என்று ஆபரேட்டர் கூலிங் டைமை இரண்டு விநாடி, மூன்று விநாடி என்று கூட்டுவார். அவர் செய்தது சரி, அப்படிச் செய்யாவிட்டால் ரிஜெக்ஷன். ஆனால் 30 விநாடிச் சுற்று 36 விநாடி ஆனால் மணிக்கு 120 ஷாட் வந்த இடத்தில் 100தான் வரும். அந்த ஏப்ரலில் உற்பத்தி குறைகிறது என்று ஆட்களைத் திட்டியிருக்கிறோம். குறை டியூபில் இருந்த உப்பில் இருந்தது.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் சென்னையில் இதைப் பேச முடியாது. டவரில் தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. அதனால் சுற்றும் தண்ணீரில் ஒரு பங்கை அவ்வப்போது வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும். அதுதான் பிளோ டவுன். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது, லாரித் தண்ணீரை எண்ணி எண்ணி வாங்கிய நமக்கு, சுற்றுகிற தண்ணீரைத் திறந்து விடச் சொன்னால் மனசு வராது. வால்வை மூடி வைத்தோம். அந்தப் பழக்கம் மழை வந்த பிறகும் போகவில்லை. போர் தண்ணீர், லாரித் தண்ணீர், ஒவ்வொரு லாரியிலும் ஒவ்வொரு உப்பு. தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கும் சாஃப்ட்னருக்கு உப்பு வாங்கும் செலவையும் நாங்கள் ‘இதர செலவு’ என்று வெட்டியிருந்தோம். கோயம்பேட்டில் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்து இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பும் 45 எம்எல்டி (நாளைக்கு 4.5 கோடி லிட்டர்) நிலையம் குடிநீர் வாரியத்திடம் இருக்கிறது. கொடுங்கையூரிலிருந்து மணலிப் பக்கம் போகும் 45 எம்எல்டி நிலையமும் இருக்கிறது. அந்த மாதிரி ஒரே தரத்தில் உப்புக் குறைந்த தண்ணீர் சின்ன ஆலைகளுக்கும் கிடைத்தால் இந்தக் கதையில் பாதி இல்லை. சங்கக் கூட்டங்களில் ரோடு, லைட், கால்வாய் என்று பேசும்போது இதையும் கேளுங்கள்.

கால்வாய் என்றதும் 2023 டிசம்பர் நினைவுக்கு வருகிறது. மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் பேட்டை மூழ்கியபோது முதலில் தண்ணீருக்குள் போனது தரையில் வைத்த பம்ப் மோட்டார்கள்தான். மூன்றடி உயரப் பீடம் கட்ட ஆகும் செலவு எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும்.

இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்களும் கிளெய்ம் போட்டோம். சர்வேயர் வந்து முதலில் கேட்டது லாக் புத்தகத்தை. மெஷினரி பிரேக்டவுன் பாலிசி திடீர் விபத்துக்குத்தான். மெதுவாக ஏற்படும் தேய்மானமும் அரிப்பும் படிவும் அதில் விலக்கு. டிஸ்கேலிங் வேண்டும் என்று எங்கள் ஆளே சிவப்பு மையில் எழுதிய பக்கத்தை அவர் போட்டோ எடுத்துக்கொண்டார். கிளெய்ம் வரவில்லை. வந்திருந்தாலும் ரிப்பேருக்கு மட்டும்தான் வந்திருக்கும். உற்பத்தி நின்ற நஷ்டத்துக்கு லாப இழப்புக் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். கோல்டு ஸ்டோரேஜ் வைத்திருப்பவர்களுக்குச் சரக்குக் கெட்டுப்போவதற்கென்று தனிப் பாலிசி உண்டு. உங்கள் பாலிசியின் விலக்குப் பக்கத்தை ஒரு தடவை உட்கார்ந்து படியுங்கள்.

இது சின்ன ஆலைகளின் பிரச்சினை மட்டும் என்று எண்ண வேண்டாம். 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு டேட்டா சென்டரில் குளிரூட்டும் அமைப்பை மேம்படுத்தும் வேலை நடந்தபோது, ஒப்பந்ததாரர் தவறான சிக்னல் அனுப்பி, குளிர்நீர்த் தொட்டிகளின் வால்வுகள் மூடிக்கொண்டன. டிபிஎஸ், சிட்டி வங்கிகளின் சேவை நின்று சுமார் 25 லட்சம் பணப் பரிமாற்றங்கள் தடைப்பட்டன. ஏற்கெனவே பல தடவை சேவை முடங்கியிருந்த டிபிஎஸ் வங்கிக்கு அந்த நாட்டு நாணய ஆணையம் ஆறு மாதம் புதுத் தொழில் முயற்சிகளையே தடுத்தது. மூடியது வால்வு. விலை கொடுத்தது வங்கியின் நம்பகம். எங்கள் குட்டி யானையில் ஏறிப்போன அச்சும் அதே வகை நஷ்டம்தான்.

ஃபவுண்டரி நடத்துபவர்களிடம் நான் பணத்தைப் பற்றி மட்டும் பேச மாட்டேன். இண்டக்‌ஷன் ஃபர்னஸில், அதாவது மின்சாரத்தால் இரும்பை உருக்கும் உலையில், கரண்ட் போனாலும் உள்ளே உருகிக் கிடக்கும் இரும்பின் சூடு போகாது. உலையைச் சுற்றியிருக்கும் காயிலுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஓடாவிட்டால் காயில் ஓட்டையாகி, தண்ணீரும் உருகிய இரும்பும் சந்திக்கும். எதிரே ஆட்கள் நிற்கிறார்கள். மேல்தொட்டியிலிருந்து தானாக இறங்கும் அவசரத் தண்ணீரும் டீசல் பம்பும் வேலை செய்கின்றனவா என்று மாதம் ஒரு முறை கரண்டை நிறுத்தி நிஜமாகவே பாருங்கள். இதற்கு என்ன செலவானாலும் அந்த பில்லை எந்தக் கணக்காளரும் கேள்வி கேட்கக் கூடாது.

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் டேலியில் ‘கூலிங்’ என்று ஒரு செலவு மையம் திறக்கச் சொல்லுங்கள். டிஸ்கேலிங், கெமிக்கல், சாஃப்ட்னர் உப்பு, டவர் ஃபில் (டவருக்குள் தண்ணீர் பரவி வழியும் அடுக்கு), டவருக்குப் போகும் தண்ணீர் என்று பராமரிப்புச் செலவெல்லாம் அதில் வரட்டும். சில்லர், டவர், பம்ப் நின்றதால் ஏற்பட்ட சும்மா சம்பளம், ஸ்கிராப், ஜாப் ஒர்க், ராத்திரி வண்டி, ஓவர்டைம், டெபிட் நோட் எல்லாமும் அதிலேயே வரட்டும். சில்லருக்குத் தனி மீட்டர் ஒன்று வையுங்கள், பெரிய செலவில்லை. இரண்டு பக்கமும் ஒரே தாளில் வந்தால், 48,000 ரூபாய் கொட்டேஷனைத் தள்ளிப்போட யாருக்கும் கை வராது. அப்புறம், ஃபிட்டரின் லாக் புத்தகம் மாதம் ஒரு முறை கணக்கு மேசைக்கு வரட்டும். ‘அப்ரோச்’ 4 டிகிரியைத் தாண்டினால் பணம் ஒதுக்குவது என்று எங்களுக்குள் வைத்திருக்கிறோம். உங்கள் மெஷினுக்கு எது எல்லையோ அதை உங்கள் ஆளிடம் கேளுங்கள். வாடகை சில்லர்காரரிடம் கோடைக்கு முன்பே பேசி வையுங்கள், மே மாதம் எல்லோரும் அவரைத்தான் தேடுவார்கள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் ஆலையில் எல்லா மெஷினையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைப்போம். மொட்டை மாடியில் இருக்கும் கூலிங் டவருக்கு மட்டும் இத்தனை வருடமாக யாரும் வைத்ததில்லை. போன வருடம் ஃபிட்டர் அண்ணன்தான் ஏறிப் போய் வைத்தார். நானும் கூடவே ஏறினேன். 22 வருடத்தில் அந்த மாடிக்கு அன்றுதான் முதல் தடவை போகிறேன். டவர் ஃபில்லில் வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரி படிந்திருந்ததைக் கையால் உதிர்த்துக் காட்டினார்.

பொங்கல் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை மதியம் சங்க அலுவலகத்தில் உங்கள் கணக்காளர்களையும் மெயின்டனன்ஸ் ஆட்களையும் ஒன்றாக உட்கார வைக்க முடியுமா? அவரவர் போன மே மாதத்து வவுச்சர்களைக் கொண்டு வரட்டும். எங்களுடையதை நான் கொண்டு வருகிறேன். லாக் புத்தகத்தோடு அண்ணனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
அம்பத்தூரிலிருந்து ஒரு கணக்காளர்